விண்ணில் ஒரு வில்லை

டிசம்பர்த் திங்களின் நடுவில், இரவு பத்து மணி அளவில், கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் தம் வாசலில் நின்று தலையைப் பின்னே சாய்த்து வானின் உச்சியை நோக்குவாராயின், அவர் பார்வை சென்று சேரும் இடத்திற்கு மிக அருகில் ஒரு விண்மீன் திரள் இருக்கும். சிங்கப்பூரின் உச்சிவானிலிருந்து அது இரண்டரைப் பாகை அளவே விலகிச் செல்கிறது. கோலாலம்பூரில் அவ்விலக்கம் நான்கு பாகைக்குச் சற்று மிகுதி. கையை நீட்டி மூன்று விரல்களை ஒட்டிப் பிடித்தால் மறைந்துவிடும் இடைவெளி அது. நில நடுக்கோட்டை அடுத்து வாழ்வோர்க்கு இயற்கை அளித்த இந்த அண்மையை அறிந்தவர் மிகச் சிலரே.

அறியாமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் மேகங்கள் அத்திங்களில் வானை மூடிக் கிடப்பது வழக்கம். மேகம் விலகிய இரவுகளிலோ நகரத்து விளக்குகள் வானை வெளுக்கச் செய்துவிடுகின்றன. விளக்கொளி எட்டாத செம்பனைத் தோட்டத்தின் நடுவே சென்று நின்றாலும் பயனில்லை. வெறுங்கண்ணுக்குப் புலப்படும் மிக மங்கலான விண்மீனைக் காட்டிலும் அத்திரள் ஏறத்தாழ நாற்பது மடங்கு மங்கியது. திமிங்கல மண்டலம் எனப்படும் விண்மீன் குழுவினுள் அது அடங்கியிருக்கிறது. அதற்குத் தனிப்பெயர் கிடையாது. என்.ஜி.சி. 936 என்னும் எண்ணே அதன் பெயர்.

அவ்வெண்ணுக்குப் பின்னே இருப்பது ஓர் உலகன்று. கோடானுகோடிக் கதிரவன்களின் கூட்டம். நம்மிடமிருந்து அது ஆறு கோடி முதல் ஏழரைக் கோடி ஒளியாண்டு வரையிலான தொலைவில் உள்ளதென்று பல்வேறு கணிப்புகள் கூறுகின்றன. இன்று தொலைநோக்கியில் விழும் அதன் ஒளி அங்கிருந்து புறப்பட்ட காலம், பேருருக் கொண்ட பல்லியினங்கள் இம்மண்ணிலிருந்து மறைந்த காலத்துக்குச் சற்று முன்னாகவோ பின்னாகவோ இருத்தல் வேண்டும். புகைப்படங்களில் அதன் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. நடுவே உருண்டு திரண்ட ஒளி. அவ்வொளியை ஊடுருவி இருபுறமும் நீண்டு செல்லும் ஒரு பட்டை. பட்டையின் இரு நுனிகளையும் தழுவியதுபோல் மெல்லிய வட்டத் தகடு. பட்டையின் நீளம் மட்டும் முப்பதாயிரம் ஒளியாண்டு அளவினது. 1918-ஆம் ஆண்டில் ஹீபர் கர்ட்டிஸ் என்னும் அமெரிக்க வானியலார் இத்தகைய திரள்களைக் கிரேக்க நெடுங்கணக்கின் 'ஃபை' என்னும் எழுத்துக்கு ஒப்பிட்டார். வட்டத்தைக் கோடொன்று குறுக்கே பிளப்பது போன்ற எழுத்து அது. இக்காலத் தொலைநோக்கு ஆர்வலர்களோ அதில் ஒரு திரைப்படத்து விண்கலத்தின் சாயலைக் கண்டு மகிழ்கின்றனர். அவரவர் கண்ணுக்கு அவரவர் காலம் உவமை தருகிறது.

சுருள் திரள்களின் படங்களைக் கண்டு பழகியவர்களுக்கு இத்திரள் ஏமாற்றமே அளிக்கும். விரிந்த கைகள் இல்லை. நீலமாய் மின்னும் இளம் விண்மீன் கொத்துகள் இல்லை. செந்நிற முகில்கள் இல்லை. பழுத்த மஞ்சள் நிறத்தில் அமைதியாக ஒளிரும் ஒரு கண்ணாடி வில்லையைப் போல அது இருக்கிறது. வில்லைத் திரள் என்றே அவ்வினத்திற்குப் பெயர். பட்டையும் உடையதாதலின் இது பட்டை வில்லைத் திரள். பள்ளிப் பாடநூல்கள் இவ்வினத்தை ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுவதுண்டு. சில நூல்களில் அந்த ஒரு வரியும் இராது.

மனிதக் கண் இதனை முதலில் கண்டு குறித்த இரவு நாள் தவறாமல் பதிவாகியிருக்கிறது. 1785-ஆம் ஆண்டு ஜனவரி 6. இடம், இங்கிலாந்தில் விண்ட்சருக்கு அருகில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டாட்செட் என்னும் சிற்றூர். கண்டவர் வில்லியம் ஹெர்ஷல். குறித்தவர் அவருடைய தங்கை கரோலின்.

ஹெர்ஷல் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் பிறந்தவர். இங்கிலாந்துக்கு வந்து இசையால் பிழைத்தவர். பாத் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்துக்கொண்டே, இரவுகளில் தாமே வார்த்துத் தேய்த்த உலோக ஆடிகளால் வானை ஆராய்ந்தார். 1781-இல் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டார். அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை அளிக்கவே, இசைத்தொழிலை விட்டுவிட்டு 1782-இல் டாட்செட்டுக்குக் குடியேறினார். தங்கையும் உடன் சென்றார். கரோலின் பாத் நகரத்து அரங்குகளில் பாடிப் பெயர் பெறத் தொடங்கியிருந்தவர். அண்ணன் இசையைக் கைவிட்டபோது தங்கையின் இசையும் நின்றது. அதற்கு அவரிடம் இசைவு கேட்கப்பட்டதா என்பது வேறு செய்தி.

டாட்செட்டில் அவர்கள் நிறுவிய தொலைநோக்கி இருபது அடி நீளமுடையது. அதன் ஆடி ஏறத்தாழ 19 அங்குல அகலம். அது தென்வானை நோக்கி, உச்சிக்கோட்டிலேயே நிற்கும். வேலையாள் ஒருவர் பிடியைச் சுழற்றக் குழல் மெல்ல மேலும் கீழும் அசையும். பூமி சுழல்வதால் வானம் தானே நகர்ந்து வந்து குழலின் முன்னே கடந்து செல்லும். வீடு பெருக்குவது போல வானத்தைப் பட்டை பட்டையாகப் பெருக்கிச் செல்வதே அம்முறை. அவர்களும் அதனைப் பெருக்குதல் என்றே குறித்தனர். ஹெர்ஷல் மேடைமேல் இருளில் நின்று கண்ணைக் குழலிலிருந்து எடுக்காமல், கண்டதைக் கூவிச் சொல்வார். கரோலின் வீட்டினுள் திறந்த சாளரத்தருகே, கடிகாரத்தையும் விண்மீன் அட்டவணையையும் முன்னே வைத்துக்கொண்டு, விளக்கொளியில் எழுதுவார். விளக்கைக் கண்ட கண் இருளில் உள்ள மங்கலைக் காணாது என்பதாலேயே இந்தப் பங்கீடு. ஆகவே காண்பவர் எழுத முடியாது. எழுதுபவர் காண முடியாது. அந்த இரவில் என்.ஜி.சி. 936-இன் முதற்பதிவு காகிதத்தில் ஏறியபோது, அதனை எழுதிய கை அவ்வொளியைக் கண்டறியாத கை.

அதற்கு ஓராண்டுக்கு முன், 1783-ஆம் ஆண்டின் கடைசி நாளிரவு, ஓரடி ஆழத்துக்குக் கிடந்த பனி உருகத் தொடங்கியிருந்தது. மேகம் சற்று விலகி விண்மீன்கள் தோன்றவே, குழலைத் திருப்பும் பொருட்டு ஹெர்ஷல் தங்கையை விரைந்து வரச் சொன்னார். இருளில் ஓடிய கரோலின் வழுக்கி விழுந்தார். தொலைநோக்கிப் பொறியில் பொருத்தியிருந்த பெரிய இரும்புக் கொக்கி ஒன்று அவர் வலக்காலில் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அவரைத் தூக்கி எடுத்தபோது சதை கொக்கியிலேயே தங்கியது. பல ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நிகழ்ச்சியை நினைவுக் குறிப்பாக எழுதியபோது, அவ்விரவின் எஞ்சிய பொழுது மேகமூட்டமாகவே கழிந்ததால் அண்ணனுடைய ஆராய்ச்சிக்கு இழப்பு நேரவில்லை என்பதையே அவர் ஆறுதலாகக் குறித்திருக்கிறார். படிப்பவர் அந்த ஆறுதலை எளிதில் கடந்து போக முடியாது. காயத்துக்குக் கூலி கேட்காத உழைப்பு அது. 1787-இல்தான் அரசர் அவருக்கெனத் தனியே ஆண்டுக்கு 50 பவுன் வழங்கலானார்.

ஜனவரி 6-க்குத் திரும்புவோம். திமிங்கல மண்டலத்தின் இப்பகுதி அந்நாளில் இரவு ஏழு மணியைக் கடந்ததும் டாட்செட்டின் உச்சிக்கோட்டைத் தாண்டும். நம் தலைக்கு நேர்மேலே செல்லும் அத்திரள் அவ்வூரில் அடிவானுக்கும் உச்சிக்கும் இடையே பாதியுயரம்கூட எட்டுவதில்லை. குளிர்ந்த ஈரக்காற்றின் ஊடே ஹெர்ஷல் அதனைக் கண்டார். தாம் கண்ட ஒண்முகில்களை எட்டு வகுப்புகளாகப் பிரித்து எண்ணிடுவது அவர் வழக்கம். இதற்கு அவர் தந்த இடம் நான்காம் வகுப்பில் 23-ஆம் எண். அந்த நான்காம் வகுப்பின் தலைப்போ 'கோள்வடிவ ஒண்முகில்கள்' என்பது. வட்டத் தகடும் நடுவே ஒளிக்கருவும் கோளின் சாயலைத் தந்திருக்க வேண்டும். ஒரு முழு விண்மீன் திரள், கோளைப் போன்றதொரு முகில் என்று பெயர் பெற்று ஏட்டில் அமர்ந்தது. 1786-இல் ஹெர்ஷல் வெளியிட்ட ஆயிரம் ஒண்முகில்களின் பட்டியலில் அது அச்சேறியது.

வகைப்படுத்தியவர்மீது குற்றம் சுமத்துவதற்கில்லை. அவர் காலத்தில் ஒண்முகில் என்பது ஒளிரும் நீர்மமா, தொலைவால் கலங்கித் தெரியும் விண்மீன் கூட்டமா என்பதே முடிவாகவில்லை. கண்டதைக் கண்டவாறு, நேரமும் இடமும் பிழையாமல் குறித்து வைத்தார்கள். பொருளைப் பின்வந்தோர் தேடிக்கொண்டார்கள். பொருள் புரியாமலே ஏட்டைப் படியெடுத்துக் காத்தவர்களின் கைகளால் வாழ்ந்த இலக்கியங்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதனை விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை.

படியெடுத்த அந்தக் கை கரோலினுடையதே. 1822-இல் அண்ணன் மறைந்தபின் அவர் ஹனோவருக்குத் திரும்பினார். எழுபது வயதைக் கடந்திருந்த அவர், ஹெர்ஷல் கண்ட 2,500 ஒண்முகில்களையும் வகுப்பு வரிசையிலிருந்து பிரித்து, வானில் அவை அமைந்த இட வரிசைப்படி மீண்டும் அடுக்கி எழுதினார். அண்ணன் மகன் ஜான் ஹெர்ஷல் அவற்றைத் தேடிக் காண்பதற்காகச் செய்த வேலை அது. லண்டனிலுள்ள வானியல் கழகம் 1828-இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. ஜான் 1864-இல் ஒரு பொதுப்பட்டியலை வெளியிட்டார். அதனை விரித்து 1888-இல் டிரையர் என்பார் 7,840 வான்பொருள்கள் கொண்ட புதிய பொதுப்பட்டியலை வெளியிட்டார். நான்காம் வகுப்பு 23 என்னும் பழைய எண் அதில் 936 ஆயிற்று. கரோலின் 1848-இல், 97-ஆம் அகவையில் மறைந்தார்.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. எட்வின் ஹபிள் 1920-களில் ஆந்திரமீடா ஒண்முகிலில் துடிக்கும் விண்மீன்களைக் கண்டறிந்து, அது நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனித்திரள் என்று காட்டினார். முகில்கள் உலகத்திரள்கள் ஆயின. 1926-இல் அவற்றைக் கோளவகை, சுருள்வகை, பட்டைச் சுருள்வகை எனப் பிரித்தார். 1936-இல் தாம் எழுதிய நூலில், கோளவகைக்கும் சுருள்வகைக்கும் இடையில் ஒரு பாலம் இருக்கவேண்டுமென்று கருதி, ஓர் இடத்தைக் காலியாக விட்டு அதற்கு 'எஸ் சுழி' என்று பெயரிட்டார். தகடு உண்டு, சுருள் இல்லை என்பதே அதன் இலக்கணம். அப்பொழுது அது பெரும்பாலும் கற்பனை இடம். பிற்காலத்தில் உண்மையான திரள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவ்விடத்தை நிரப்பின. என்.ஜி.சி. 936-உம் அங்கே வந்து சேர்ந்தது. பட்டையுடைய 'எஸ் சுழி' என்று இன்று அட்டவணைகள் அதனைக் குறிக்கின்றன.

இங்கே இலக்கணம் கற்றோர் சுவைக்கத்தக்க ஒன்று உண்டு. தம் வரிசையின் இடப்பக்கத்தில் உள்ள கோளவகையையும் வில்லைவகையையும் ஹபிள் 'முந்திய வகை' என்றும், வலப்பக்கச் சுருள்களைப் 'பிந்திய வகை' என்றும் வழங்கினார். முந்தியவற்றில் முதிய விண்மீன்களும் பிந்தியவற்றில் இளைய விண்மீன்களும் இருப்பதைப் பின்வந்தோர் உணர்ந்தனர். வளர்ச்சி அவ்வரிசைப்படி நிகழவில்லை என்பதும் தெளிவாயிற்று. ஆயினும் பெயர் மாறவில்லை. கோள்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத கோள்வடிவ ஒண்முகில்களின் பெயரும் மாறவில்லை. காரணப் பெயராகப் பிறந்து, காரணம் பொய்த்தபின் இடுகுறிப் பெயராக வாழ்பவை வானியலில் பல.

வில்லைத் திரளின் குறை என்ன? அதில் வளிமமும் தூசும் மிகக் குறைவு. விண்மீன்கள் வளிமத்திலிருந்தே பிறக்கின்றன. வளிமம் அற்றால் பிறப்பும் அற்றுவிடும். குறுகிய வாழ்நாளுடைய நீல விண்மீன்கள் முதலில் அணைகின்றன. நெடுநாள் வாழும் சிவந்த, மஞ்சள் விண்மீன்களே எஞ்சுகின்றன. வளிமம் எங்கே போயிற்று என்பதற்குப் பல விடைகள் கூறப்பட்டன. நெருக்கமான திரட்கூட்டங்களில் திரள்கள் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும்போது வளிமம் பிடுங்கப்படலாமென்று 1951-இல் ஸ்பிட்சரும் பாடேயும் எழுதினர். கூட்டத்தினூடே நிறைந்திருக்கும் வெப்ப வளிமத்தில் விரைந்து பாயும் திரள், காற்றில் ஓடுபவனின் தொப்பி பறப்பதுபோல் தன் வளிமத்தை இழக்குமென்று 1972-இல் கன்னும் காட்டும் விளக்கினர். நெரிசலற்ற இடங்களில் உள்ள வில்லைகளுக்கு வேறு காரணங்கள் தேடப்படுகின்றன. திரள்கள் தம்முள் கலந்து ஒன்றாதல் அவற்றுள் ஒன்று. எல்லா வில்லைகளும் ஒரே வழியில் வந்தவை என்று கொள்வதற்கில்லை.

இத்தகைய திரள்களை 'இறந்தவை' என்றும் 'ஓய்ந்தவை' என்றும் அறிவியல் கட்டுரைகளே எழுதுகின்றன. உவமைகள் கருத்தை விளக்கவும் செய்யும். கண்ணை மறைக்கவும் செய்யும். பிறப்பு நின்றது என்பது உண்மை. இயக்கம் நின்றதென்பது பொய். அந்தப் பட்டை சுழன்றுகொண்டிருக்கிறது.

பட்டை எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது? இக்கேள்வி எளிதாகத் தோன்றும். வானியலார் பல்லாண்டு தடுமாறிய கேள்வி இது. பட்டை என்பது இரும்புத் தண்டு போன்ற திடப்பொருளன்று. விண்மீன்கள் பட்டையின் நீளவாக்கில் நீண்ட முட்டைவடிவப் பாதைகளில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவ்வோட்டங்கள் எல்லாம் ஒன்றுகூடித் தரும் வடிவமே பட்டை. கோலாட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். பெண்கள் கோல் தட்டிக்கொண்டு விரைந்து உள்ளும் புறமும் பின்னிச் செல்கின்றனர். அவர்கள் வகுத்த வடிவமோ தனக்கென ஒரு நடையில் மெல்லத் திரும்புகிறது. ஆடுபவர் ஒருவரின் வேகத்தை அளந்தால் வடிவத்தின் வேகம் கிடைத்துவிடாது. விண்மீன்களின் வேகத்தை நிறமாலையைக்கொண்டு அளக்கலாம். நம்மை நோக்கி வரும் ஒளி நீலப்பக்கமும் விலகும் ஒளி சிவப்புப்பக்கமும் பெயர்வது கொண்டு அறியலாம். அது ஆடுபவரின் வேகமே. வடிவத்தின் வேகத்தை எப்படி அறிவது? பட்டை ஒரு சுற்று முடியும்வரை காத்திருக்க மனிதனால் இயலாது.

இந்த வேகத்தைத் தெரிந்துகொள்வதில் ஒரு பெரும் வழக்கும் அடங்கியிருந்தது. திரள்களைச் சூழ்ந்து கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள் நிறைந்திருக்கிறதென்று 1970-களிலிருந்து வலுவாகக் கூறப்பட்டு வருகிறது. பட்டை சுழலும்போது அக்கரும்பொருள் அதன் சுழற்சியைச் சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொள்ளும். சேற்றில் சுழலும் சக்கரம்போல் பட்டை தளரும். திரளின் உட்பகுதியில் கரும்பொருள் அடர்ந்திருந்தால் பட்டை மிகவும் தளர்ந்திருக்க வேண்டும். அடர்த்தி குறைவெனில் விரைவு மாறாதிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பற்றிச் சாட்சி சொல்லக்கூடியவற்றுள் பட்டையும் ஒன்று. அச்சாட்சியைப் பேசவைக்கும் மொழிதான் கிட்டாமல் இருந்தது.

1984-ஆம் ஆண்டில் ஸ்காட் டிரெமெய்ன், மார்ட்டின் வெயின்பர்க் ஆகிய இருவரும் அதற்கு வழி கண்டனர். அவர்களுடைய கணிதத்தின் உயிர்நாடி ஒரே நிபந்தனை. ஆட்டத்தின் நடுவே புதியவர் எவரும் சேரக்கூடாது. ஆடுபவர் எவரும் விலகக்கூடாது. எவரும் திரைமறைவில் நிற்கக்கூடாது. எண்ணிக்கை மாறாத கூட்டமெனில், ஓரிடத்தில் கூட்டம் மிகுவதும் மற்றோரிடத்தில் குறைவதும் ஆடுபவரின் இடப்பெயர்ச்சியால் மட்டுமே நேரும். அப்பொழுது திரளின்மேல் ஒரு மெல்லிய கீற்றை வரைந்து, அக்கீற்றில் விழும் ஒளியின் சராசரி வேகத்தையும் சராசரி இடத்தையும் கணக்கிட்டு, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, தகட்டின் சாய்வுக்கும் இடமளித்துவிட்டால் போதும். வடிவத்தின் சுழற்சி வேகம் நேரே கிடைத்துவிடும். பட்டை எவ்வாறு பிறந்தது, அதன் எடை என்ன என்னும் ஊகங்கள் எதுவும் வேண்டியதில்லை.

ஆனால் அந்த நிபந்தனையைச் சுருள் திரள்கள் நிறைவேற்றமாட்டா. அவற்றில் தொடர்ந்து விண்மீன்கள் புதிதாகப் பிறந்து ஒளியைக் கூட்டுகின்றன. தூசுத் திரைகள் பாதி ஒளியை மறைக்கின்றன. எல்லாரும் வியந்து பார்த்த அழகுகளே அங்குக் கணக்கைக் கெடுத்தன. வேண்டியது புதுப்பிறப்பு இல்லாத, தூசு இல்லாத, ஆனால் நல்ல பட்டை உடைய ஒரு திரள். அதன் பட்டையும் நேராகவோ குறுக்காகவோ நில்லாமல் நமக்குச் சாய்வாக அமைந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றைத் தேடியவர்களின் பார்வை திமிங்கல மண்டலத்து வில்லையின்மேல் விழுந்தது. 'இல்லை, இல்லை' என்று அதன் இலக்கணத்தில் அடுக்கியிருந்த சொற்கள் ஒவ்வொன்றும் அதன் தகுதியாயின.

1987-இல் ஸ்டீவன் கென்ட் இம்முறையை என்.ஜி.சி. 936-இன்மேல் பயன்படுத்தினார். முறை உயிருள்ளதென்று அது காட்டியது. ஆயின் அளவில் ஐயப்பாடு மிகுதியாக இருந்தது. 1995-இல் மைக்கேல் மெர்ரிஃபீல்டும் கொன்ராட் குய்க்கனும் மேலும் துல்லியமான நிறமாலைகளைக்கொண்டு அதே திரளை மீண்டும் அளந்தனர். மையத்திலிருந்து ஒவ்வொரு 3,260 ஒளியாண்டு விலகலுக்கும் வினாடிக்கு 60 கிலோமீட்டர் என்னும் வீதத்தில் பட்டை சுழல்கிறதென்பது அவர்கள் பெற்ற விடை. பிழை எல்லை இருபக்கமும் 14. சிலருக்கு இந்தப் பிழை எல்லை பெரிதாகத் தோன்றலாம். இரண்டு நூறாண்டுகளுக்கு முன் கோள்போன்ற முகில் என்று எழுதப்பட்ட ஒரு புள்ளியின் சுழற்சி வேகத்தை, அதன் அருகே செல்லாமல், அதன் ஒளியை மட்டும் பிரித்துப் பார்த்து இவ்வளவு கூற முடிந்ததென்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்த வேகத்தில் பட்டை ஒருமுறை சுற்றிவரப் பத்துக் கோடி ஆண்டுகள் அளவில் ஆகும். இதனை அத்திரளின் தொலைவோடு சேர்த்து நோக்கினால் வியப்புப் பிறக்கும். நாம் காணும் ஒளி அங்கிருந்து புறப்பட்டு நம்மை அடைவதற்குள் பட்டை ஒரு முழுச்சுற்றும் சுற்றி முடிக்கவில்லை. ஹெர்ஷல் கண்ட நாள்முதல் இந்நாள்வரை அது திரும்பிய அளவு ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

வழக்கின் தீர்ப்பு? ஒரு திரளில், மையத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ள விண்மீன்கள் பட்டையோடு ஒத்த நடையில் சுற்றுகின்றன. தளராத பட்டை அந்த எல்லையை ஏறத்தாழ எட்டிப் பிடிக்கும். தளர்ந்த பட்டை அதற்கு வெகு உள்ளேயே நின்றுவிடும். என்.ஜி.சி. 936-இன் பட்டை எல்லையின் அருகே வருகிறது. அது தளரவில்லை. 1998-இல் டெபாட்டிஸ்டாவும் செல்வுடும் கணிப்பொறியில் திரள்களைச் சுழலவைத்துப் பார்த்து, இத்தகைய விரைந்த பட்டைகள் நிலைக்க வேண்டுமாயின் திரளின் உட்பகுதியில் கரும்பொருளின் அடர்த்தி குறைவாகவே இருக்கவேண்டுமென்று வாதித்தனர். கரும்பொருள் மையத்தை நோக்கி அடர்ந்து குவியும் என்று கருதியவர்களுக்கு இது இடையூறாயிற்று. அவ்வழக்கு ஒரு சாட்சியால் முடிந்துவிடவில்லை. அதன்பின் பல வில்லைத் திரள்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டன. ஆனால் முன்வந்து நின்றவற்றுள் இது ஒன்று என்னும் பெருமை நிலைத்துவிட்டது.

2003-ஆம் ஆண்டில் இத்திரளில் ஒரு விண்மீன் வெடித்தது. அதாவது, அதன் வெடிப்பொளி அவ்வாண்டில் நம்மை வந்தடைந்தது. வெண்குறு மீன் என்னும் முதிய விண்மீனின் எச்சம் வெடிக்கும் வகையைச் சேர்ந்தது அது. இளைய பெருமீன்கள் இல்லாத திரளில் எதிர்பார்க்கக்கூடிய வகை. அதன் ஒளி வழக்கத்தைவிட விரைவாகத் தேய்ந்ததால் ஆராய்ச்சியாளர் சில காலம் அதனைத் தொடர்ந்து நோக்கினர். பின்னர் அது மங்கி மறைந்தது. திரள் பழைய அமைதிக்குத் திரும்பியது.

நம் நாட்டில் இதனைக் காண விழைவோர்க்குப் பெரிய கருவி தேவையில்லை. ஆறு அல்லது எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நகரொளி எட்டாத இடமும் மேகமற்ற ஓர் இரவும் வேண்டும், மூன்றாவதுதான் அரிது. மெசியே பட்டியலின் 77-ஆம் எண்ணுடைய திரளைத் தேடி, அங்கிருந்து மேற்கே நான்கு பாகை அளவு நகர்ந்தால் ஒரு சிறு வெண்புகை குழலுள் தோன்றும். நேரே உற்று நோக்கினால் அது நழுவிவிடும். பார்வையைச் சற்று ஒதுக்கினால் மீண்டும் எழும். கண்ணின் நடுப்பகுதி வண்ணத்துக்கு உரியது. மங்கலுக்கு உரியது ஓரப்பகுதி. பொறுமையாக நிற்பவர்க்கு அப்புகையின் நடு சற்றே நீண்டிருப்பதும் தெரியவரலாம்.

அதன் கிழக்கே மிக அருகில் இன்னொரு திரள் உண்டு, என்.ஜி.சி. 941. இதனினும் மிக மங்கியது. சுருள் வகையைச் சேர்ந்தது. ஹெர்ஷல் அதனையும் அதே ஜனவரி இரவில் கண்டார். இரண்டும் வானில் ஒரே உயரத்தில் அமைந்தவை. முன்னது கடந்து ஐம்பது வினாடி அளவில் பின்னது உச்சிக்கோட்டை அடையும். மேடைமேலிருந்து வந்த முதற்குரலைக் கேட்டு எழுதி முடித்த கரோலின், கடிகாரத்தைப் பார்த்து மை தொட்டு நிமிர்வதற்குள் அடுத்த குரல் வந்திருக்கும்.